ஆட்டுக் குழாய்

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த உங்களுக்கு என்னை 'ஏரோப்ளேன் காட்டுக்காரி' என்று சொன்னால்தான் நினைவு வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு விமானக் கதை கேட்பீர்கள். நானும் சொல்வேன். மஞ்சள் விமானம், தோல் தொப்பி போட்ட இளைஞர்கள், தலைக்கு மேல் இரைச்சல். கேட்கிறவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. குழாயைப் பற்றி நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் பாதியிலேயே எழுந்து கை கழுவப் போயிருப்பீர்கள்.

இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அந்த விமானத் திடலை மறுபடி ஏதோ காரியத்துக்கு எடுக்கப் போகிறார்கள், மண்ணடித்து மட்டப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. என்ன காரியம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். எங்கள் கண்மாய்க்கு இன்றைக்கும் ஓடுபாதைக்கு அடியில் இருக்கும் குழாய் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. மண்ணடிக்க வரும் லாரிக்காரருக்கு அந்தக் குழாயை யார் காட்டுவார்கள்? ஊரில் விசாரித்தேன். என் வயதுக்காரர்களே "அங்கிட்டு எங்கயோ இருக்குமே" என்று கையை வீசினார்கள். இரண்டு பேர் காட்டிய திசை ஒன்றாக இல்லை.

வீட்டுக்குத் திரும்பி, நான் எழுதி என்ன ஆகப்போகிறது என்று யோசித்தேன். எழுதாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் என்றும் யோசித்தேன். இரண்டாவது யோசனைதான் தூங்க விடவில்லை.

உலகச் சண்டைக் காலத்தில்தான் அந்தத் திடல் வந்தது. எங்கள் ஊருக்கும் மேலூருக்கும் நடுவே, குன்றாண்டார்கோவில் போகிற பக்கம், வரகும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்த மேட்டுக்காடு அது. மேலூர் மேட்டில் இருக்கிறது, எங்கள் ஊர் பள்ளத்தில். மழை பெய்தால் பாறைக்காட்டுத் தண்ணீர் மேலூரை ஒட்டி இறங்கி இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு அவர்கள் கண்மாய்க்கு, ஒரு பங்கு எங்கள் கண்மாய்க்கு. எங்கள் பங்கு வருகிற வழிக்குக் குறுக்கேதான் ஓடுபாதை விழுந்தது. அப்போது யாரும் அப்படி யோசிக்கவில்லை. பட்டாளம் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான் என்று இருந்தார்கள்.

விமானம் ஓட்டப் படிக்கிறவர்கள் அங்கே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். எனக்கு நினைவு தெரிகிற வயதில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை மஞ்சள் விமானங்கள் எழும்பும், ஒரு வட்டம் போடும், இறங்கும், சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி எழும்பும். படிக்கிறார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? அம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்ப்பாள். "எதையோ மறந்து வச்சுட்டுத் தேடுறாக போல. எறங்குறாக, இல்லைன்னு திரும்பப் போறாக" என்பாள். நான் அதை ரொம்ப நாள் நம்பினேன். அவர்கள் தேடிய பொருள் கிடைக்க வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டுக்கூட இருக்கிறேன்.

அந்த வருஷங்களில் எங்கள் கண்மாய் நிறையவில்லை. அதற்கு ஊரே ஒரு காரணம் வைத்திருந்தது. மேகம் கூடுகிற நேரத்தில் விமானம் உள்ளே புகுந்து கலைத்துவிடுகிறது என்பதுதான் அது. அப்பா எட்டாவது வரை படித்தவர், ஊரில் நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். அவரும் வானத்தைப் பார்த்து, "சேர விட்டாத்தானே பெய்யும்" என்பார். சண்டை முடிந்து விமானங்கள் போய்விட்டால் மழை கொட்டும், கண்மாய் நிறையும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

சண்டை முடிந்தது. விமானங்கள் ஒரு நாள் காலை ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. அன்றைக்கு வட்டம் போடாமல் நேரே வடக்கே போயின. கூடாரம் சுருட்டினார்கள். தகரக் கொட்டகைகளை ஏலம் விட்டார்கள். எங்கள் ஊர் மாட்டுத் தொழுவங்களில் பாதிக்கு இன்றும் அந்தத் தகரம்தான். விமானத்தின் இறக்கை துணியால் ஆனது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என்னிடம் ஒரு துண்டு இருந்தது. மஞ்சள், விறைப்பு, முகர்ந்தால் நகத்துக்குப் பூசுகிற சாயத்தின் வாசனை. பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தேன். எந்த வகுப்பில் தொலைத்தேன் என்று இப்போது நினைவில்லை.

திடலில் மிஞ்சியது ஓடுபாதை, ஒரு சிமெண்டு அறை, காற்றுப் பை கட்டிய கம்பம், ஒரு காவல்காரர். காவல்காரருக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் இருந்தன. யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அவரும் யாரையும் விடுவதில்லை என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அத்தனை பெரிய களத்தைப் பார்த்துக்கொண்டு மிளகாயை மண்ணில் காயப்போட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? சண்டை போட்டு, கெஞ்சி, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டு ஓரத்திலும் காயப்போடலாம், நடுவில் மட்டும் கூடாது.

"எப்ப வேணும்னாலும் எறங்கும். நடுப்பாதை சுத்தமா இருக்கணும்" என்பார்.

அதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டுப்பட்டார்கள் என்பதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம். வலது ஓரத்தில் மிளகாய், இடது ஓரத்தில் கடலை, நடுவில் வெறும் சிமெண்டு, ஒரு பருக்கை இல்லாமல். உச்சிவெயிலில் அந்த நடுப்பாதையைத் தாண்ட நாங்கள் குதிகாலை மட்டும் ஊன்றி ஓடுவோம். சிமெண்டு என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது என் உள்ளங்கால்தான்.

நான் சொல்ல வந்தது சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தின் ஐப்பசியைப் பற்றி. எனக்கு ஒன்பது வயது இருக்கும். விமானங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. இரண்டிலும் நல்ல மழை. மேலூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிந்தது. எங்கள் கண்மாயில் ஆடு குடிக்கத் தண்ணீர் நிற்கவில்லை. இனி விமானத்தின் மேல் பழி போட முடியாது. அப்படியானால் மேலூர்க்காரர்கள்தான். மேட்டில் எங்கேயோ வாய்க்காலை வெட்டி எங்கள் பங்கையும் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று எங்கள் ஊர் முடிவு கட்டியது.

இதில் என் அத்தை மாட்டிக்கொண்டாள். அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு மேலூரில் மாப்பிள்ளை பார்த்து, பரிசம் போட்டு, தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் இரண்டு ஊருக்கும் பொதுவான அம்மன் கோவிலில் தண்ணீர்ப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, நாங்கள் வாய்க்காலைத் தொடவில்லை என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார். அப்பா அத்தனை பேர் முன்னால், "பொய்ச் சத்தியத்துக்குக் கற்பூரம் ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. பரிசத்தை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. கல்யாணத்தைப் பற்றியும் பேசவில்லை. பரிசம் போட்ட பெண் அப்படி நின்றால் வேறு இடம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

அத்தைக்கு அந்த மாப்பிள்ளையைத்தான் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொன்னதில்லை. விராலிமலைப் பூசத்தில் தூரத்திலிருந்து ஒரு தரம் பார்த்ததுதான். ஆனால் பேச்சு நின்ற பிறகும் கல்யாணத்துக்கென்று எடுத்த ஜாக்கெட்டுத் துணிகளைத் தைப்பதை அவள் நிறுத்தவில்லை. கொக்கி வைத்து, ஓரம் மடித்து, தினம் சாயங்காலம் உட்கார்ந்து தைத்தாள். "நடக்குமா நடக்காதான்னே தெரியலையே, ஏத்தா" என்று அம்மா சொன்னால், "தைக்கிறதுக்கும் அதுக்கும் என்ன மதினி?" என்பாள்.

எங்கள் ஊரார் புகார் கொண்டுபோகாத இடமில்லை. பழைய சமஸ்தானத்து அலுவலகம் இனி எங்களுக்கு அதிகாரமில்லை என்றது. திருச்சியில் கேட்டால் பட்டாளத்து நிலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் கை வைக்க முடியாது என்றார்கள். பட்டாளத்தில் யாரைக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே அரசாங்கம் விசில் வைத்திருந்த காவல்காரர்தான்.

ஐப்பசியின் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, தூறல் விடவில்லை, அத்தை கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, "வாரியா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு என் மகளை யாராவது அந்த மழையில் அப்படிக் கூட்டிக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அவுக எங்க வெட்டியிருக்காகன்னு பாத்துட்டு வருவோம். வெட்டியிருந்தா மண்ணு புதுசாக் கெடக்கும்ல" என்றாள்.

ஓடுபாதையைத் தாண்டி மேலூர்ப் பக்கம் இறங்கினோம். தண்ணீர் வருகிற தடத்தைப் பிடித்துக்கொண்டே மேட்டுக்கு ஏறினோம். பாறைக்காடுவரை ஏறியும் வெட்டிய அடையாளம் இல்லை. இரண்டாகப் பிரிகிற இடம் பழையபடியே இருந்தது. எங்கள் பங்கு எங்கள் திசையில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீரோடு சேர்ந்து நாங்களும் இறங்கினோம். செம்மண் நிறத்தில் ஓடிவந்த தண்ணீர் ஓடுபாதையின் மேட்டில் முட்டியது, தேங்கியது, போக வழியில்லாமல் மேட்டை ஒட்டியே திரும்பி மேலூர்க் கண்மாய்ப் பக்கம் போனது. யாரும் வெட்டாமலே அது போய்க்கொண்டிருந்தது.

அங்கே ஓர் இடத்தில் நுரை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் குளியலறையில் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் போகும் துளைக்கு மேலே சுற்றுமே, அப்படி. அத்தை ஒரு வேலிக்குச்சியைப் பிடுங்கி அங்கே குத்தினாள். குச்சி முழங்கை ஆழம் உள்ளே போனது. என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடுபாதையின் மேல் ஏறி மறுபக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கத்தினாள், "இங்க கசியுது! கோரைக்கு அடியில கசியுது!"

இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்டு அறையின் வாசலில் நின்று நேரே பார்த்தால் ஓடுபாதை கொஞ்சம் குழிந்து தெரியும். அதற்கு நேர் அடியில்தான் குழாய். மேல் வாய் மேலூர்ப் பக்கம், கீழ் வாய் எங்கள் பக்கம், கோரைப்புல் அடர்ந்திருக்கும். இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

விசில் ஊதிக்கொண்டே காவல்காரர் வந்தார். அத்தை அவரிடம் நேராகக் கேட்டாள்.

"இங்க தண்ணிக் குழாய் இருக்கா?"

"தண்ணிக் குழாய் எல்லாம் இல்லம்மா. இது ஆட்டுக் குழாய்."

"ஆட்டுக் குழாயா?"

"ஆமாங்க. மேல் வாய் கம்பி வேலிக்கு வெளிய, கீழ் வாய் வேலிக்கு உள்ள. மேலூர் ஆடுக அங்க பூந்து இங்க வந்து ஓடுபாதையில ஏறிக்கும். ஒரு தடவ ஆட்டுக்கு ஒதுங்கப் போயி ஒரு விமானம் பள்ளத்துல மூக்கக் குத்திருச்சு. ஓட்டுன பையனுக்கு முன்னால ரெண்டு பல்லு போச்சு. உடனே அடைக்கச் சொல்லித் தொரை உத்தரவு."

"யாரு அடைச்சா?"

அவர் அத்தையை ஒரு மாதிரி பார்த்தார். "யாரா? ஒங்க ஊர்தான். ரெண்டு பக்கமும் கல்லும் முள்ளும் வச்சு அடைச்சாக. ஒங்க அண்ணந்தான் கூட நின்னு வேல வாங்குனாரு. தொரை சந்தோஷப்பட்டு ஒரு பிஸ்கோத்து டின்னு குடுத்தாரே. அப்ப பங்குனி மாசம். வெயிலு கொளுத்துது. தண்ணியப் பத்தி யாரு நெனச்சா?"

அந்த டின் எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தது. அம்மா அதில் புளி வைத்திருந்தாள். அதிலிருந்த பிஸ்கோத்தை நான் தின்றிருக்கிறேன். உப்பும் இனிப்புமாக இருந்தது மட்டும் நாக்கில் இருக்கிறது.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னாள்.

"அண்ணே, மேலூர்க்காரக வாய்க்கால வெட்டல."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நானே போய்ப் பாத்துட்டு வாரேன். ஓடுபாதை மறிக்குது. அடியில ஒரு குழாய் இருக்கு. ஆடு வருதுன்னு நீ அடைச்சியாமே, அந்தக் குழாய்."

அப்பா கை கழுவிக்கொண்டே இருந்தார். செம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் விரல்களைத் தேய்த்தார். நான் இதை எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா? கோவிலில் அந்த வார்த்தையைச் சொன்னபோது குழாய் அவர் மனதில் ஓர் ஓரத்திலாவது இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். வெயில் காலத்தில் செய்த காரியம், மழைக்காலத்தில் வந்த கஷ்டம். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. ஊரில் யாருமே சேர்த்துப் பார்க்கவில்லை.

"இத இப்பப் போயி எப்படிச் சொல்றது? அந்த மனுசனக் கோயில்ல வச்சுப் பொய்யன்னுட்டேன்" என்றார்.

"அதையுந்தான் சொல்லணும்."

"ஒன் கல்யாணத்துக்காக ஊரு தல குனியணுங்கிற?"

"ஆமா" என்றாள் அத்தை.

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை அம்மாவிடம், "அவரு போகலைன்னா நாளைக்கு நான் போறேன் மதினி" என்றாள்.

"பரிசம் போட்ட பொண்ணு மாப்பிள வீட்டுக்குத் தானாப் போறதா? ஊரு சிரிக்கும் ஆத்தா."

"சிரிச்சுட்டுப் போகட்டும். இவளக் கூட்டிட்டுப் போறேன்."

இவள் என்றது என்னை. ஒன்பது வயதுப் பெண் கூட இருந்தால் ஒரு மரியாதை என்று அவள் நினைத்திருக்கலாம். மறுநாள் அப்பா போகவில்லை. நாங்கள் போனோம்.

மாப்பிள்ளையின் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தடவுவதை நிறுத்தினார்.

"வாம்மா. ஒங்க அண்ணன் அனுப்பினாரா?"

"இல்ல மாமா. நானாத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மா சத்தமாகச் சொன்னாள். "தாலி கட்டுறதுக்கு முந்தியே மருமக வீடு தேடி வந்துட்டாளே. மேளகாரருக்குச் சொல்லி விடவா?"

"மேளம் தையில வந்தாப் போதும் அயித்தை. இப்ப மம்பட்டிதான் வேணும்."

கொஞ்சம் கழித்து எங்களுக்குச் செம்பில் தண்ணீர் வந்தது. மோர் வரவில்லை. அந்த வயதிலேயே எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது. அத்தை தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், ஆடு, கல், அண்ணன். எதையும் மறைக்கவில்லை. அவர் கடைசிவரை கேட்டார்.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா நீ சொன்னாப் பத்தாதும்மா. அத்தன பேரு முன்னால சொன்ன வாயி வரணும். மேல் வாய் எங்க நெலத்துலதான் மண்ணு மூடிக் கெடக்கும். ஒங்க அண்ணன் வந்து கேக்கட்டும், நானே தோண்டித் தாரேன்."

"அவரு வர மாட்டாரு மாமா."

"அப்ப நானும் தோண்ட மாட்டேன்."

மாப்பிள்ளை வைக்கோல் போரின் பக்கத்தில் நின்றிருந்தார். நாங்கள் திரும்பும்போது மாட்டை ஓட்டிக்கொண்டு ஓடைவரை பின்னால் வந்தார். ஓடையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, ஒங்க அத்தைய வலது பக்கமா எறங்கச் சொல்லு. எடது பக்கம் பள்ளம்" என்றார். அத்தை கைக்கெட்டுகிற தூரத்தில்தான் நின்றாள். இருந்தாலும் நான் சொல்லும்வரை காத்திருந்தாள். சொன்ன பிறகு வலது பக்கமாக இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, மாப்பிள்ளையின் அப்பா சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னாள். மறுநாள் விடிந்ததும் அப்பா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"மேலூருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"அங்க போக மாட்டேன். நான் அடைச்சத நான் எடுக்குறேன்."

ஊரில் ஐந்தாறு பேர் கூடப் போனார்கள். அத்தை, அம்மா, நான், இன்னும் சில பெண்கள் பின்னால் போனோம். காவல்காரர் ஓடி வந்து விசிலை ஊதினார்.

"ஓடுபாதை மேல கூட்டமா வரக்கூடாது! உத்தரவு இல்ல!"

"மேல யாருண்ணே வாரா? அடியிலதான போறோம்" என்றாள் அத்தை.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அடியில் போவதைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கீழ் வாயைத் திறக்கவே பொழுதாகிவிட்டது. கோரையை வெட்டி, மண்ணை அள்ளி, கல்லைப் பெயர்த்தார்கள். ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவு சிமெண்டுக் குழாய். உள்ளே முள்ளும் வண்டலும் ஒன்றாக இறுகிப் போயிருந்தன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அரிக்கேன் விளக்கோடு தவழ்ந்து உள்ளே போனார். கயிறு கட்டிய இரும்புச் சட்டியை உள்ளே தள்ளுவோம். அவர் நிரப்பிக் கயிற்றை ஆட்டுவார். அத்தை வெளியே இழுப்பாள். மற்றவர்கள் மாற்றிக்கொள்கிறோம் என்று கேட்டும் கயிற்றை அவள் விடவில்லை.

அம்மாவுக்குத்தான் பயம். அப்பாவின் கால் பக்கமாகக் கசிந்து வந்துகொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் பக்கத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. உள்ளே இருக்கிற அடைப்பு திடீரென்று பிடுங்கிக்கொண்டால் ஆள் என்ன ஆவது? மேல் வாயைச் சுற்றிக் கரை போட்டுத் தண்ணீரைத் தடுத்தால்தான் உள்ளே இறங்குவது பத்திரம். அது மேலூர் நிலம். அதைத்தான் போய்க் கேட்க வேண்டும். அவர் கேட்க மாட்டார். மறுபடி மேகம் கட்டிக்கொண்டு வந்தது. "போதும், வெளிய வாங்க" என்று அம்மா குழாய்க்குள் குனிந்து அழுதாள். "இன்னும் கொஞ்சம்" என்றுதான் பதில் வந்தது. அன்றைக்கு அம்மாவின் அழுகை எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் நான் இருந்தால் அவரைக் காலைப் பிடித்து இழுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் போனபோது கசிவு நின்றிருந்தது. குழாயின் அடியில் சேறு மட்டும்தான்.

"பாத்தியா, மேலூரான் மிச்சத் தண்ணியையும் அங்கிட்டுத் திருப்பிக்கிட்டான்" என்றார் அப்பா.

அத்தை சேற்றில் விரலை வைத்துப் பார்த்தாள். "இல்லண்ணே. மேல கரை போட்டுக் குடுத்திருக்காக. நீ உள்ள இருக்கேன்னுதான்."

அப்பா அவளைப் பார்த்தார், ஓடுபாதையின் மேட்டைப் பார்த்தார். நாலடி ஏறினால் மறுபக்கம் தெரிந்துவிடும். அவர் ஏறவில்லை. ஏறிப் பார் என்று அத்தையும் சொல்லவில்லை. அவர் விளக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் குழாயின் வாயில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சொல்லும் எந்தச் சொல்லும் பக்கத்தில் நின்று சொல்வதுபோல வெளியே கேட்கும். உச்சி நேரம் இருக்கும். அப்பாவின் கடப்பாரைச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு கடப்பாரைச் சத்தம் கேட்டது. அப்பா நிறுத்தினார். அது நிற்கவில்லை. அத்தை கயிற்றைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"யாரு அங்கிட்டு?" என்றார் அப்பா.

"நாந்தான். வயசான காலத்துல என்னையத் தவழ விட்டுட்டியேப்பா."

மாப்பிள்ளையின் அப்பாவுடைய குரல். நடுவில் இன்னும் கொஞ்சம் மண் இருந்திருக்க வேண்டும். குரல் சிறு துளை வழியாக வருவதுபோல வந்தது. அப்பா கடப்பாரையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மாமா" என்றார் அப்பா. நிறுத்தினார். "கோயில்ல வச்சு நான் சொன்னது... அடைச்சது நாந்தான் மாமா. ஒங்களத் தப்பாச் சொல்லிட்டேன்."

"சரி, சரி. கல்ல இங்கிட்டுத் தள்ளாத. எனக்குத் திரும்ப எடமில்ல. ஒம் பக்கமே இழுத்துக்க."

மறுபடி இரண்டு கடப்பாரைகளும் மாறி மாறிக் கேட்டன. சட்டி நிறைந்து கயிறு ஆடியது. அத்தை இழுத்தாள், கொட்டினாள், திருப்பித் தள்ளினாள். மறுபடி நிறைந்தது. மறுபடி இழுத்தாள்.

உள்ளே மாப்பிள்ளையின் அப்பாவுடைய கடப்பாரை நின்றது. "வெளிய யாரு கயிறு இழுக்கறது? சட்டி நிக்கவே மாட்டேங்குதே."

"தங்கச்சி."

"போதும்னு சொல்லுப்பா. வேற யாரையாச்சும் இழுக்கச் சொல்லு. தையில நாலு பேரு முன்னால அந்தக் கையப் புடிச்சுக் குடுக்கணும். காச்சுப் போயிருந்தா எங்க வீட்டுப் பொம்பளைக என்னையத்தான் வைவாக."

அம்மா அத்தையின் தோளைத் தொட்டாள். கூட இருந்த பெண்கள் கயிற்றுக்குக் கை நீட்டினார்கள். அத்தை உள்ளங்கைகளை விரித்து ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. அவற்றைப் புடவையில் துடைத்தாள். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தாள்.